சுகர் மெஷின் வாங்கும் முன்

மருந்துக்கடையில் குளுக்கோமீட்டர் விலையைக் கேட்பதற்கு முன்னால் ஸ்ட்ரிப் விலையைக் கேளுங்கள். மெஷினைச் சலுகையில் தள்ளிவிட்டு ஸ்ட்ரிப்பில் சம்பாதிப்பதுதான் இந்த வியாபாரம். ஒரு கம்பெனி ஸ்ட்ரிப் இன்னொரு கம்பெனி மெஷினுக்கு உதவாது. உங்கள் ஊர்க் கடையில் எந்த ஸ்ட்ரிப் எப்போதும் கிடைக்கிறதோ, அந்த மெஷினே போதும். ப்ளூடூத், ஆப் எல்லாம் இல்லாவிட்டாலும் குடி முழுகிப்போகாது.

ஆனால் சர்க்கரை நோய் இருக்கிறதா என்று தெரிந்துகொள்ளத்தான் வாங்குகிறீர்கள் என்றால், மெஷின் வேண்டாம், லேபுக்குப் போங்கள். 2013ஆம் ஆண்டின் ஐஎஸ்ஓ தரவிதி, 100க்கு மேற்பட்ட அளவுகளில் 15 சதவீதம் வரை கூடக்குறையக் காட்ட மெஷினை அனுமதிக்கிறது. வெறும் வயிற்றில் 126 மி.கி. என்பது நோயின் எல்லை. உண்மையில் 118 இருப்பவருக்கு 130 என்று காட்டினாலும் மெஷின் பேரில் குற்றம் சொல்ல முடியாது. முகாம்களில் விரலில் குத்திப் பார்ப்பதும் முதல் சல்லடைதான். கர்ப்பிணிகளுக்கு 75 கிராம் குளுக்கோஸ் குடிக்கவைத்து, இரண்டு மணி நேரம் கழித்துப் பார்க்கும் சோதனையே சரி.

நோய் உறுதியான பிறகுதான் மெஷினுக்கு வேலை. இன்சுலினோ கிளிமிபிரைடோ எடுப்பவர் வீட்டில் அது கட்டாயம் இருக்க வேண்டும். நடுராத்திரியில் வியர்த்துக் கை நடுங்கும்போது 70க்குக் கீழே காட்டினால், உடனே சர்க்கரைத் தண்ணீர் கொடுக்கலாம். மெட்ஃபார்மின் மட்டும் போடுபவர் தினமும் குத்திக்கொள்வது விரலுக்குத்தான் தண்டனை.

மாம்பழம் நறுக்கிய கையோடு குத்தினால் எண் எகிறும். சோப்புப் போட்டுக் கழுவி, ஈரம் போகத் துடைத்துவிட்டுக் குத்துங்கள். விரல் நுனியின் நடுவில் வேண்டாம், பக்கவாட்டில் குத்தினால் வலி குறைவு. ரத்தம் வரவில்லையென்று விரலைப் பிழியாதீர்கள். ஸ்ட்ரிப் டப்பாவைத் திறந்துபோட்டால் காற்றின் ஈரமே அதைக் கெடுத்துவிடும்.

கையில் ஒட்டும் சென்சார் ரத்தத்தைப் பார்ப்பதில்லை. தோலுக்கடியில் உள்ள நீரைப் பார்க்கிறது. அதனால் சாப்பிட்டதும், வேகமாக நடந்ததும் சில நிமிடங்கள் பின்தங்கியே காட்டும். டைப் 1 நோயாளிகளுக்கும், சர்க்கரை இறங்குவதே தெரியாமல் மயங்குபவர்களுக்கும் அது வரப்பிரசாதம். மற்றவர்கள் ஒரே ஒரு சென்சார் போட்டு, பொங்கலுக்கு எவ்வளவு ஏறுகிறது, இட்லிக்கு எவ்வளவு என்று பார்த்துக்கொண்டு மீண்டும் ஸ்ட்ரிப்புக்கே திரும்பலாம் என்பது என் கருத்து. சென்சார் சொல்வதும் உடம்பு சொல்வதும் ஒத்துப்போகாவிட்டால் விரலில் குத்திப் பார்த்துவிடுங்கள்.

சில கிளினிக்குகளில் ஒரு சொட்டு ரத்தத்தில், சில நிமிடங்களில் எச்பிஏ1சி சொல்லும் சிறிய கருவி இருக்கிறது. 7 சதவீதம் என்றால் கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரி ஏறக்குறைய 154. மருந்தை அன்றைக்கே மாற்ற இது வசதி. ஆனால் இரும்புச்சத்துக் குறைவு இருந்தால் அளவைக் கூட்டிக் காட்டும். அண்மையில் ரத்தம் ஏற்றியிருந்தாலும் நம்ப முடியாது. நம் வீட்டுப் பெண்களில் ரத்தசோகை சகஜம் என்பதால், டாக்டரிடம் இதை முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.

குத்தாமலே சர்க்கரை காட்டுவதாக விற்கும் வாட்சையும் மோதிரத்தையும் வாங்காதீர்கள். அப்படி எதற்கும் தாங்கள் அனுமதி தரவில்லை என்று அமெரிக்க எஃப்டிஏ 2024 பிப்ரவரியில் எச்சரித்தது.

மெஷின் வாங்கியாயிற்றா? அடுத்த முறை வெறும் வயிற்றில் லேபில் ரத்தம் கொடுக்கும்போது, அதே நேரத்தில் விரலிலும் குத்தி எண்ணைக் குறித்துவையுங்கள். லேப் முடிவோடு 15 சதவீதத்துக்குள் ஒத்துப்போனால், மெஷினைத் தாராளமாக நம்பலாம்.