‘கல்முனை’ எத்தனை எழுத்து?

தமிழ்ப் பாடவேளையில் கேட்டால் நான்கு: க, ல், மு, னை. பைத்தனிடம் கேட்டேன், ஏழு என்றது. யுனிகோட்டில் புள்ளிக்கும் உகர, ஐகாரக் குறிகளுக்கும் தனித்தனி இடம் உண்டு. அதே சொல்லை யூடிஎஃப்-8 முறையில் ஒரு கோப்பில் எழுதினேன். குறிக்கு மூன்று பைட் வீதம் 21 பைட் இருக்க வேண்டும். கோப்பைப் பார்த்தால் 0!

திறந்த கோப்பை மூட வேண்டும் என்று உயர்தர வகுப்பில் மனனம் செய்திருக்கிறோம். ஏன் என்பது அன்றுதான் விளங்கியது. கோப்பைத் திறக்கும்போது பணிசெயல் முறைமை நமக்குத் தருவது ஓர் அடையாள எண் மட்டுமே. லினக்ஸில் 0, 1, 2 ஆகியவை உள்ளீடு, வெளியீடு, வழுச் செய்தி என்பவற்றுக்குப் போய்விடுவதால் பெரும்பாலும் 3 கிடைக்கும். பைத்தன் நூலகம் அந்த எண்ணைச் சுற்றி ஒரு பொருளை அமைத்து, நடுவில் பஃபர் ஒன்றையும் வைக்கிறது. உம்மா ஒவ்வொரு சாமானுக்கும் நம்மைக் கடைக்கு விரட்டாமல் துண்டில் எழுதிச் சேர்த்துவைப்பாரே, அது போலத்தான். ‘குளோஸ்’ கொடுத்ததும் 21 வந்தது. அதற்குமுன் மின்சாரம் போயிருந்தால் சொல்லும் போயிருக்கும். ‘வித்’ கட்டளைக்குள் எழுதினால், இடையில் வழு வந்தாலும் நூலகமே கோப்பை மூடிவிடும்.

கணினிகள் பேசிக்கொள்ளும் சொக்கெட், 1983இல் 4.2 பிஎஸ்டி யுனிக்ஸுடன் வந்தது. யுனிக்ஸில் அதுவும் கோப்பைப் போல ஓர் எண்தான். விண்டோஸில் இரண்டும் வேறு வகை. அந்த வேற்றுமையை நூலகம் நமக்குக் காட்டாது. ஆனால் சொக்கெட் பைட்டுகளை மட்டுமே தரும், எழுத்துகளை அல்ல.

ஆய்வுகூடத்தில் ஒரு கணினியிலிருந்து ‘கல்முனை’யை இடைவெளியின்றி ஐம்பது தடவை அனுப்பி, மற்றதில் 1024 பைட் கேட்டேன். முழுதாக வந்தது. (குறைவாகவும் வரலாம், டிசிபி வரிசையைக் காக்கும், வெட்டுப்படும் இடத்தை அல்ல.) 48 கல்முனைக்கு 1008 பைட். மீதி 16இல் ஐந்து குறிகள் போக ஒரு பைட் மிஞ்சும். அது னகரத்தின் முதல் துண்டு. தமிழாக மாற்றச் சொன்னதும் செய்நிரல் வழுவோடு நின்றது. ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட்டே போதும் என்பதால் ‘ஹலோ’ உதாரணங்களில் இந்தச் சிக்கல் தலைகாட்டுவதே இல்லை.

பிறகு ‘மேக்ஃபைல்’ மூலம் சொக்கெட்டைக் கோப்புப் பொருளாக்கி, யூடிஎஃப்-8 என்றும் குறிப்பிட்டேன். கோப்பை வாசிக்கும் அதே அடுக்கு, அரைகுறைப் பைட்டை மற்றவை வரும்வரை பிடித்துவைத்திருந்தது. அனுப்பிய கணினி தொடர்பை மூடியதும் ஐம்பது கல்முனையும் திரையில் வந்தன, ஐகாரம் குறையாமல்.