கையெழுத்துக்கு முன் ஒரு மணி நேரம்

வாளையாரைத் தாண்டினால் அரசு அலுவல் மொழி மலையாளம். நம் வீட்டுப் பெண்கள் பலர் மலையாளம் நன்றாகவே பேசுவார்கள். ஆனால் எழுத்துக் கூட்டி வாசிக்க வராது. ரேஷன் கடையிலும் பஸ் ஸ்டாண்டிலும் இதனால் பெரிய நஷ்டமில்லை. பிரசவ வார்டில் கருத்தடை அறுவைக்கான சம்மதப் படிவத்தை நீட்டினால்தான் சிக்கல். மகப்பேறு நலத் திட்டங்களைப் பற்றிப் பேசுவோர் 'மனித உரிமை அடிப்படையிலான அணுகுமுறை' என்கிறார்களே, அதன் பொருள் இந்தப் படிவத்தில்தான் இருக்கிறது.

நான் ரயில்வேயில் பாதைப் பராமரிப்பில் வேலை பார்த்தவன். மாதத்துக்கு இத்தனை ஸ்லீப்பர் மாற்ற வேண்டும் என்று இலக்கு வரும். முடித்தால் மேலிடத்துக்குத் திருப்தி. ஸ்லீப்பரிடம் யாரும் சம்மதம் கேட்பதில்லை. நம் நாட்டின் குடும்பக் கட்டுப்பாட்டுத் திட்டமும் வெகுகாலம் இப்படித்தான் ஓடியது. 1971 ஜூலையில் எர்ணாகுளத்தில் நடந்த முகாமில் மட்டும் 63,418 பேருக்குக் கருத்தடை அறுவை, பெரும்பாலும் வாசக்டமி, செய்தார்கள். வந்தவர்களுக்குப் பணமும் பொருளும் கொடுத்தார்கள். நெருக்கடி நிலைக் காலத்தில், 1976-77 ஓராண்டில், நாடெங்கும் 80 லட்சத்துக்கும் மேற்பட்ட கருத்தடை அறுவைகள் நடந்தன. பல இடங்களில் கட்டாயத்தின் பேரில். அந்தக் கோபம் 1977 தேர்தலில் தெரிந்தது. அதன்பின் அரசாங்கம் ஆண்களை விட்டுவிட்டது. பாரம் பெண்கள்மேல் ஏறியது. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், மணமான பெண்களில் 37.9 சதவீதம் பேர் கருத்தடை அறுவை செய்துகொண்டவர்கள்; ஆண்கள் செய்துகொண்டது 0.3 சதவீதம். இத்தனைக்கும் வாசக்டமிதான் சின்ன அறுவை. அதனால் ஆணின் தெம்பு போய்விடும் என்று நம் வீடுகளில் சொல்வது வெறும் கட்டுக்கதை.

1994இல் கெய்ரோ மாநாட்டில் 179 நாடுகள் கூடி, எத்தனை பிள்ளை, எப்போது என்பதைத் தீர்மானிப்பது அந்தந்தத் தம்பதியின், தனிமனிதரின் உரிமை என்று ஒப்புக்கொண்டன. இந்தியாவும் 1996 ஏப்ரலில் இலக்கு முறையைக் கைவிட்டது. சுற்றறிக்கையில் போனது பழக்கத்தில் போகவில்லை. 2012 ஜனவரியில் பீகாரில் ஒரு பள்ளிக்கூடத்தில், டார்ச் வெளிச்சத்தில், இரண்டு மணி நேரத்தில் 53 பெண்களுக்கு அறுவை செய்தார்கள். அது உச்ச நீதிமன்றம் போயிற்று. வழக்கு நடக்கும்போதே, 2014 நவம்பரில், சத்தீஸ்கரில் பிலாஸ்பூர் அருகே ஒரே முகாமில் 83 பெண்களுக்கு அறுவை நடந்து, பலர் இறந்தார்கள்.

தேவிகா பிஸ்வாஸ் வழக்கு எனப்படும் அதில் 2016 செப்டம்பர் 14இல் தீர்ப்பு வந்தது. முகாம்களை மூன்றாண்டுக்குள் நிறுத்தச் சொன்னார்கள். நமக்கு முக்கியமானது வேறொன்று: அறுவையின் விளைவுகளை அந்தப் பெண்ணுக்கு (ஆணுக்கும்தான்) புரியும் மொழியில் விளக்க வேண்டும். விளக்கியபின் யோசிக்க ஒரு மணி நேரமாவது கொடுத்து, அதற்குப் பிறகே கையெழுத்து வாங்க வேண்டும்.

புரியும் மொழி என்றால் நமக்குத் தமிழ். "படித்துச் சொல்லுங்கள் சிஸ்டர்" என்று கேட்பது அடாவடி அல்ல. வலி வந்து படுத்திருக்கும்போது வாங்கும் கையெழுத்தைச் சம்மதம் என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். கர்ப்ப காலப் பரிசோதனைக்குப் போகும்போதே, ஆஷா பணியாளரிடம் நிதானமாகக் கேட்டுக்கொள்வது நல்லது. காப்பர்-டி, மாத்திரை, ஊசி, ஆணுறை என்று வேறு வழிகளும் உண்டு. அறுவை வேண்டாம் என்று கடைசி நிமிடத்தில் சொன்னாலும் அவற்றைத் தர மறுக்கக் கூடாது.

இன்னொன்று, மாமியார்கள் மன்னிக்கவும். கருத்தடை அறுவைக்குக் கணவரின் சம்மதம் தேவையில்லை என்பது மத்திய அரசின் வழிகாட்டு நெறி. மாமியாரின் சம்மதம் எந்தப் படிவத்திலும் இல்லை.

விளக்காமல் கையெழுத்து வாங்கினார்கள் என்றால் மாவட்ட மருத்துவ அலுவலருக்கு எழுதலாம். அரசியல் சட்டத்தின் 350ஆவது பிரிவுப்படி, குறை தீர்க்கக் கோரும் மனுவை மாநிலத்தில் வழங்கும் எந்த மொழியிலும் கொடுக்கலாம். கேரளத்தில் தமிழும் அப்படி வழங்கும் மொழியே. நாள், இடம், நடந்தது என்ன என்று ஒரு பக்கத்தில் எழுதி, நகல் ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். எழுதப் பழக்கமில்லாதவர்கள் ஞாயிறு காலை சங்கத்துக்கு வந்தால் நான் எழுதித் தருகிறேன்.