தீவகத்தில் கைக்கணினி கட்டுபவர்களுக்கு: எந்தப் பற்றரி, எந்தப் பலகை?

1990களில் பற்றரி தடைப்பொருளாக இருந்தபோது யாழ்ப்பாணத்தார் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் றேடியோ கேட்டார்கள். அந்த டைனமோவின் அளவு 6 வோல்ற், 3 வாற். இன்று ராஸ்பெரி பை சீரோ 2 டபிள்யூ என்ற கணினிப் பலகைக்கும் ஒரு சின்னத் திரைக்கும் சேர்த்து ஏறத்தாழ 4 வாற் போதும். பை 4 என்றால் 5 வோல்ற்றில் 3 அம்பியர் தரும் வழங்கி வேண்டும். பை 5க்குப் பரிந்துரைப்பது 5 அம்பியர் வழங்கி. சீரோவின் நினைவகம் 512 எம்பிதான், பிறவுசரில் நாலைந்து பக்கம் திறந்தால் திணறும். எழுதவும் நிரல் பழகவும் அது தாராளம். தீவில் சீரோவையே எடுங்கள்.

தலையைப் பிய்க்க வேண்டிய இடம் மின்வழங்கல். ஊர்காவற்றுறைக்குப் பெருநிலத்துக் கம்பி வருகிறது. நெடுந்தீவும் நயினாதீவும் தங்கள் தங்கள் டீசல் ஜெனரேற்றரோடு இருந்தவை. வெயில், காற்று, பற்றரி, டீசல் கலந்த நிலையங்களுக்கு இந்திய உதவியில் ஒப்பந்தம் கைச்சாத்தானது 2024 மார்ச்சில்தான். ஆகவே, கறண்ட் போய் வரும் கணத்தில் கணினி அணையாமல் நிற்குமா என்று முதலில் பாருங்கள்.

பவர் பாங்க் சுலபம்தான். ஆனால் சார்ஜர் வயரைச் செருகும்போதும் இழுக்கும்போதும் பல பவர் பாங்குகள் ஒரு கண் இமைப்பு நேரம் வெளியீட்டை நிறுத்திவிடும். ஃபோனுக்கு அது தெரியாது. பை அணைந்து மறுபடி எழும்பும். அந்த நேரம் ஏதாவது எழுதிக்கொண்டிருந்தால் எஸ்டி கார்ட் பழுதாகலாம். வாங்கும் கடையிலேயே பையை ஓடவிட்டு, வயரைச் செருகி இழுத்துப் பாருங்கள்.

டிபி4056 சார்ஜ் பலகையும் எம்டி3608 வோல்ற் ஏற்றியும் சேர்ந்தது மலிவு, படிக்கவும் நல்லது. ஆனால் சார்ஜ் ஏறும்போதே கணினியையும் ஓட்டினால், கணினி இழுக்கும் மின்னையும் பற்றரிக்குப் போவதாகவே டிபி4056 எண்ணும். எப்போது நிறுத்துவது என்று அதற்குத் தெரியாது. மற்றப் பலகையில் ஒரு பித்தளைத் திருகு இருக்கும். தவறான பக்கம் திருப்பினால் வெளியீடு 28 வோல்ற் வரை ஏறும், பை அவ்வளவுதான். எதையும் இணைக்க முன் மல்ரிமீற்றரை வைத்து 5.1 வோல்ற்றுக்குத் திருப்பி, திருகின் மேல் ஒரு சொட்டுக் கியூட்டெக்ஸ் விடுங்கள். படகுக் குலுக்கலில் அது நகராது.

என் தெரிவு, பைக்கான யூபிஎஸ் என்றே விற்கும் பலகை. விலை கூடத்தான், அதையும் வயரை இழுத்துச் சோதித்தே வாங்குங்கள். 3000 எம்ஏஎச் அளவுள்ள 18650 லிதியம் பற்றரி இரண்டைச் சமாந்தரமாக இணைத்தால் 22 வாற்மணி. ஏற்றியில் இழப்பது போக நாலரை மணி நேரம் ஓடும். இரண்டும் ஒரே வோல்ற்றில் இருக்கும்போதுதான் இணைக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒன்றிலிருந்து மற்றதுக்கு மின் பாயும். வீட்டில் சோலரும் 12 வோல்ற் பற்றரியும் இருப்பவர்கள் வோல்ற் இறக்கிப் பலகை ஒன்றைப் போட்டு அதிலிருந்தே சார்ஜ் ஏற்றலாம்.

சுற்றை எதில் கட்டுவது? பிறெட்போர்ட் மேசையில் சோதிக்க மட்டும். குறிகட்டுவானில் படகேறும் பெட்டிக்குள் அதை வைத்தால் உப்புக்காற்றில் அதன் கவ்விகள் கறுத்து, ஆட்டினால்தான் வேலை செய்யும். வெரோபோர்ட்டில் ஈயம் பற்றி, ஃபிளக்ஸைத் துடைத்து, வார்னிஷ் பூசினால் நெடுநாள் நிற்கும். செருகிகளில் மட்டும் வார்னிஷ் படக் கூடாது. ஒரே சுற்று நாலைந்து பேருக்கு வேண்டுமென்றால் கிகாட் மென்பொருளில் வரைந்து சீனாவில் அச்சடிப்பிக்கலாம்.

ஃபெரிக் குளோரைட்டில் வீட்டிலேயே செப்பு அரிக்கும் முறையைத் தீவில் வேண்டாம் என்பேன். எஞ்சும் திரவத்தில் செப்பு கரைந்திருக்கும். கீழே சுண்ணாம்புக்கல், அதற்குள் கொஞ்சம் நல்ல தண்ணீர். கிணற்றடியில் ஊற்றுவதற்கு உரியது அல்ல அது.

பழைய லப்டொப்பில் கழற்றிய பற்றரி 2.5 வோல்ற்றுக்குக் கீழே விழுந்திருந்தால் ஒதுக்கிவிடுங்கள். கனடாவிலிருந்து வரும் உறவினரிடம் புதுசு சொல்லி அனுப்பினால் கைப்பையில் கொண்டுவரச் சொல்லுங்கள். உதிரி லிதியம் பற்றரியைச் சரக்குப் பெட்டிக்குள் போட விமானங்களில் அனுமதியில்லை.