தொலைவிலிருந்து மென்பொருள் நீக்கம்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

பாலாவியில் பிரிந்து நுரைச்சோலை வழியாகப் போகும் கற்பிட்டி வீதியில், பாடசாலை பாடசாலையாக இறங்கிக் கணினிகளைத் துப்புரவாக்குவது நாட்கணக்கான வேலை. இருந்த இடத்திலிருந்தே ஒரு ஸ்கிரிப்ட் மூலம் அதைச் செய்யலாம்; பின்வரும் நம்பிக்கைகளை விட்டுவிட்டால்.

நம்பிக்கை: பிளாஷ் பிளேயரை விண்டோஸ் எப்போதோ நீக்கிவிட்டது.
உண்மை: அடோபி 2020 டிசம்பர் 31இல் பிளாஷைக் கைவிட்டது. மைக்ரோசொப்டின் கேபி4577586 புதுப்பிப்பு நீக்கியது, விண்டோஸுடன் வந்த பிளாஷை மட்டுமே. பாட இறுவட்டு ஒன்றுக்காக ஆசிரியர் தனியே நிறுவியது அப்படியே கிடக்கும்.

நம்பிக்கை: இணையம் இருந்தால் எந்தக் கணினிக்கும் கட்டளை அனுப்பலாம்.
உண்மை: பவர்ஷெல்லின் தொலைக் கட்டளைகள் 5985, 5986 ஆகிய போர்ட்களில் வருகின்றன. பாடசாலைக்குள் அது போதும். ஊர் தாண்டுவதென்றால் விபிஎன் வேண்டும். போர்ட்டை இணையத்துக்கே திறந்துவைத்தால் திருடனும் அதே வழியில் வருவான்.

நம்பிக்கை: நிறுவியவற்றின் பட்டியலை ‘வின்32_புராடக்ட்’ தந்துவிடும்.
உண்மை: அதைக் கேட்டதும் விண்டோஸ் ஒவ்வொரு எம்எஸ்ஐ பொதியையும் சரிபார்க்கத் தொடங்கும், சிலவற்றைத் திரும்பப் பழுதுபார்க்கவும் செய்யும். பழைய கணினி திணறிப்போகும். எம்எஸ்ஐ அல்லாதவை பட்டியலில் வரவே மாட்டா. ரெஜிஸ்ட்ரியின் ‘அன்இன்ஸ்டால்’ பகுதியைப் படிப்பதே நல்லது. 64 பிட் விண்டோஸில் 32 பிட் மென்பொருள்களுக்குத் தனிக் கிளை உண்டு. அதையும் பார்க்க வேண்டும்.

நம்பிக்கை: பெயரின் முதற்சொல் போதும்.
உண்மை: ‘அடோபி’ என்று தொடங்குவதையெல்லாம் நீக்கச் சொன்னால் பிளாஷோடு ரீடரும் போகும். முழுப்பெயரைக் கொடுத்து, முதலில் ஒரே ஒரு கணினியில் ஓட்டிப் பாருங்கள்.

நம்பிக்கை: ஸ்கிரிப்ட் முடிந்தால் மென்பொருளும் போய்விட்டது.
உண்மை: அமைதியாக நீக்கும் ‘கியூஎன்’ தெரிவை விட்டுவிட்டால், யார் கண்ணுக்கும் தெரியாத ஒரு பெட்டி ‘சரியா?’ என்று கேட்டபடி காத்துக் கிடக்கலாம். எம்எஸ்ஐ நீக்கம் முடிந்ததும் வரும் எண்ணைப் படியுங்கள்: 0 என்றால் வெற்றி, 3010 என்றால் வெற்றிதான், ஆனால் மறுதொடக்கம் தேவை, 1605 என்றால் அந்த மென்பொருள் அங்கே நிறுவப்பட்டிருக்கவில்லை. நிறுத்தி வைத்த கணினியிலிருந்து எந்த எண்ணும் வராது.

ஒவ்வொரு கணினியின் பெயருக்கு எதிரிலும் அதன் எண்ணை ஸ்கிரிப்டே ஒரு கோப்பில் எழுதட்டும். எண் வராத இடங்களுக்கு மட்டும் மோட்டார் சைக்கிளை எடுத்தால் போதும்.