ராகுவும் நிழலும்

2019 டிசம்பர் 26. காலை 8 மணிக்குச் சூரிய கிரகணம் தொடங்கியது. சிவாஜிநகரில் ஒரு வீடு. மருமகள் மாசமாக இருந்தாள்.

“ராகு சூரியனைப் பிடிக்குதும்மா. பதினொரு மணி வரை தண்ணிகூடக் குடிக்காதே” என்றார் மாமியார்.

பதினொரு மணி என்று பஞ்சாங்கம் முன்பே சொன்னது எப்படி? கணக்குப் போட்டுத்தான்.

வானில் சூரியனின் பாதையும் நிலாவின் பாதையும் இரண்டு இடங்களில் குறுக்கிடும். அந்த இடங்களே பஞ்சாங்கத்தின் ராகு, கேது. அமாவாசையன்று சூரியனும் நிலாவும் அங்கே சேர்ந்தால், நிலா சூரியனை மறைக்கும். நிலாவின் நிழல் பூமியில் விழும். அதுவே சூரிய கிரகணம். கிரகணம் என்பது நிழல் என்று ஆரியபட்டர் 1,500 ஆண்டுகளுக்கு முன்பே எழுதினார்.

நிழலால் வயிற்றுப் பிள்ளைக்குக் கேடு இல்லை. கர்ப்பிணி சாப்பிடலாம், தண்ணீர் குடிக்கலாம். ஆனால் சூரியனை வெறும் கண்ணால் யாரும் பார்க்கக் கூடாது. பார்வை கெடும்.

யோசியுங்கள்: அந்த மாமியாரிடம் நீங்கள் என்ன சொல்வீர்கள்?