ஆங்கிலத்திலும் ஒரு குற்றியலுகரம்

கெங்குவார்பட்டி வழியாகக் கொடைக்கானல் ஏறும் வெளிநாட்டுப் பயணிகளில் சிலர் நம் கடைகளிலும் இறங்கி வாழைப்பழம் கேட்பதுண்டு. நாம் 'பனானா' என்று மூன்று அசையையும் ஒரே பலத்தோடு முழக்குகிறோம். அவரோ நடுவில் வரும் 'னா'வை மட்டும் நீட்டி அழுத்தி, முன்னும் பின்னும் உள்ளதை விழுங்கிவிடுகிறார். நம் காதில் 'ப்னான' என்று விழுகிறது.

ஆங்கிலச் சொல்லில் எல்லா அசைக்கும் ஒரே மரியாதை கிடையாது. அழுத்தம் பெற்ற அசை முழுதாக ஒலிக்கும். அழுத்தம் பெறாதவற்றில் பெரும்பாலானவை தேய்ந்துவிடும். அப்படித் தேய்ந்த ஒலிக்கு 'ஷ்வா' என்று பெயர். வாயைச் சிறிதே திறந்து, நாக்கை நடுவில் சும்மா விட்டு, உதட்டைக் குவிக்காமல் விடும் சிறு ஒலி அது. ஆங்கிலப் பேச்சில் மிக அதிகமாக வரும் உயிரொலியும் இதுவே. ஆனால் அதற்கென்று தனி எழுத்து இல்லை. பனானாவில் 'ஏ', பெப்பரில் 'ஈ', பென்சிலில் 'ஐ', லெமனில் 'ஓ', சர்க்கஸில் 'யூ' என ஐந்து எழுத்தும் அதே வேடம் போடும். எழுத்தைப் பார்த்து வாசிப்பவர் இடறுவது இங்கேதான்.

இது நமக்கு அந்நியமான சங்கதி அல்ல. 'பசு' என்று சொல்லிப் பாருங்கள், உதடு குவிகிறது. 'காசு' என்று சொல்லுங்கள். குவியவில்லை, கடைசி உகரம் பாதியாகக் குறைகிறது. கடுகு, மிளகு, உப்பு, பருப்பு என்று நாம் நாளெல்லாம் நிறுத்துப் போடுவதெல்லாம் குற்றியலுகரமே. அரை மாத்திரை என்று தொல்காப்பியர் அன்றே அளந்து வைத்தார். ஷ்வா அப்படியே இதே ஒலி அல்ல. நாக்கு இன்னும் சற்றுத் தாழ்ந்திருக்கும். ஆனாலும் பக்கத்து வீடுதான்.

பழகும் வழி எளிது. டொமாட்டோவில் 'மா'வை அழுத்தி, முதல் 'டொ'வை 'ட' என்று தொட்டுவிட்டுப் போங்கள். பொட்டேட்டோவும் அப்படியே. கார்டமம் என்பதில் 'கார்' மட்டும் பலம். மற்ற இரண்டும் தேயும்.

வடநாட்டு வியாபாரியிடம் இந்த வித்தை தேவையில்லை. அவரும் நம்மைப் போலவே பெரும்பாலும் முழுதாகத்தான் உச்சரிக்கிறார். அவரிடம் போய் விழுங்கிப் பேசினால் வியாபாரம்தான் கெடும்!

வெளிநாட்டாரிடம் ஒரு சிறு சொல்லில் கவனம் வேண்டும். 'அனுப்ப முடியும்' என்பதற்கு 'வி கேன் செண்ட்' என்று 'கேன்' மீது ஏறி அழுத்தினால், அமெரிக்கர் காதில் அது 'முடியாது' என்றே விழக்கூடும். 'முடியாது' என்னும் சொல்லைத்தான் அவர்கள் அழுத்துவார்கள்; அதன் கடைசி 'ட்' பல சமயம் கேட்பதே இல்லை. ஆகவே 'கன்' என்று இலேசாகச் சொல்லி, 'செண்ட்' மீது பலம் கொடுங்கள்.

போனில் எண் சொல்லும்போது பணமே புரண்டுவிடும். 'ஃபிஃப்டி' என்பதில் முதல் அசை பலம், கடைசி 'டி' குறுகும். 'ஃபிஃப்டீன்' என்பதில் 'டீன்' நீளும். ஆனால் பின்னால் 'பேக்ஸ்' சேர்ந்தால் ஃபிஃப்டீனிலும் பலம் முன்னே நகர்ந்துவிடுவதால், 15 மூட்டையா 50 மூட்டையா என்று ஆங்கிலேயருக்கே குழப்பம் வரும். 'ஒன் ஃபைவ்', 'ஃபைவ் ஜீரோ' என்று இலக்கத்தைப் பிரித்துச் சொல்லி, அவரையும் திரும்பச் சொல்லவைத்த பிறகே சரக்கை ஏற்றுங்கள்.