'சமணர்' என்னும் சொல்

சமணர் யாவர் என்று தமிழரை வினவினால், மகாவீரர் நெறியைப் பின்பற்றுவோர் என்றே விடை வரும். இன்றைய தமிழ் வழக்கில் அவ்விடை சரியே. ஆயினும் அப்பொருளோடு பாலி நூல்களைப் படிக்கப் புகுவோர் முதலடியிலேயே இடறுவர். அந்நூல்களில் பிற சமயத்தார் பகவான் புத்தரைச் 'சமண கோதமர்' என்றே அழைக்கின்றனர். அவ்வாறாயின் புத்தர் ஜைனரோ என்னும் ஐயம் எழுவது இயல்பன்றோ?

பாலியில் 'சமண' என்பது ஒரு மதத்தின் பெயரன்று. இல்லறம் நீங்கி, வேத வேள்விகளைச் சாராது, தம் முயற்சியால் விடுதலை தேடிய துறவியர் அனைவர்க்கும் அது பொதுப் பெயர். தீக நிகாயத்துச் சாமஞ்ஞபல சுத்தம் இதற்கு நல்ல சான்று. சமண வாழ்வினால் இம்மையிலேயே காணத்தக்க பயன் யாது என மகத மன்னன் அஜாதசத்து ஆறு ஆசிரியர்களைக் கேட்கிறான்; மனம் நிறையாமல் புத்தரிடம் வருகிறான். அவ்வறுவருள் ஒருவரான நிகண்ட நாதபுத்தரே மகாவீரர். ஆசீவகரான மக்கலி கோசாலரும் அவருள் ஒருவர். அசோகரின் சாசனங்கள் பிராமணரையும் சமணரையும் சேர்த்துக் கூறுமிடத்தும் இப்பொதுப் பொருளே கொள்ளத்தக்கது.

வடமொழியில் இச்சொல் 'சிரமண' என வழங்கும். உழைத்தல், வருந்துதல் எனப் பொருள்படும் வினையடியிற் பிறந்தது அது. நாம் அன்றாடம் கூறும் 'சிரமம்' அதன் உடன்பிறப்பே. பாலியில் ரகரம் கெடவே, அடங்குதல் என்னும் பொருளுடைய வேறோர் அடியோடு இச்சொல் ஒலியால் ஒன்றிவிட்டது. தம்மபதத்தின் 265ஆம் காதை அவ்வொற்றுமையைக் கைக்கொண்டு, தீமைகளை அடக்கியவனே சமணன் என விளக்குகிறது. சொற்பிறப்பு நெறிக்கு இது பொருந்தாது. ஆயினும், உடலை வருத்துவதைக் கைவிட்ட நடுவழிக்கு இப்பொருளே இயைந்தது என்பது நம் கருத்து.

ரகரம் உள்ள வடிவும் அற்ற வடிவும் வெளிநாடுகளுக்குச் சென்றன. அலெக்சாந்திரியா நகரத்துக் கிளெமெந்து இந்தியத் துறவியரைச் 'சர்மனாய்' என்றும், பாக்திரிய நாட்டாரைச் 'சமனாயோய்' என்றும் குறித்தார். சீனத்தில் 'ஷாமென்', ஜப்பானில் 'ஷாமொன்' எனின் பௌத்தத் துறவியே. சைபீரியாவின் எவெங்கி மக்களோ, முரசறைந்து ஆவிகளோடு பேசும் பூசாரியைச் 'சமான்' என்பர். ருஷியர் வழியாக அது 'ஷாமன்' என்று ஐரோப்பிய மொழிகளிற் புகுந்தது. இதுவும் நம் சொல்லே என்பார் சிலர். அறிதல் எனப் பொருள்படும் அவர்தம் வினையிலிருந்து வந்தது என்பார் வேறு சிலர். அடங்கியவனுக்கும் ஆவேசம் கொண்டவனுக்கும் ஒரே பெயரெனின் வியப்பே!

இனித் தமிழுக்கு வருவோம். பௌத்த காவியமாகிய மணிமேகலை, சமயக் கணக்கர் பகுதியில் ஜைனரை 'நிகண்டவாதி' என்கிறது. இது பாலியின் 'நிகண்ட' என்பதோடு ஒத்தது. ('நிகண்டு' எனும் சொற்பொருள் நூலோடு இதனைக் குழப்பலாகாது.) பிற்காலத்தில் தமிழில் பொதுப்பெயர் ஒரு சாராருக்கே உரியதாய்ச் சுருங்கிற்று. ஆகலின் பாலி நூல்களைத் தமிழாக்குவோர் 'சமண' என்பதை அப்படியே எழுதாது, 'சிரமணர்' என்றோ 'துறவி' என்றோ எழுதுதல் நன்று. நம் சங்கத்து இளந்துறவியாகிய 'சாமணேரர்' பெயரில் மட்டும் பழஞ்சொல் மாறாது நிற்கிறது; அதனை மாற்ற வேண்டுவதில்லை.